நாற்பது கிலோ

புழுங்கல் நெல் வேகும் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பசியெடுக்கும். ஆரணியில் எங்கள் வீடு அரிசி ஆலைக்குப் பின்னால். அப்பா அங்கே எடை போடுபவர். ஊருக்கே சோறு போடுகிற அந்த ஆலையின் தராசில், பதினைந்து வயதில், தினம் மாலை காலி வயிற்றோடு ஏறி நின்றேன்.

பள்ளியில் ஜூடோ ஆடினேன். நாற்பது கிலோப் பிரிவில் மாநிலப் பதக்கம் வாங்கினால் சென்னை விளையாட்டு விடுதியில் இடம். இல்லாவிட்டால் பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கண்ணமங்கலத்து மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. "நாப்பதத் தாண்டிடாத கண்ணு, அதுக்கு மேல தடித்தடிப் பொண்ணுங்களா கீறாங்க" என்பார் அப்பா. இரவில் அரை இட்லி. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வைப்பாள்.

போட்டியில் எடை மேடையில் ஏறினால் நாற்பது கிலோ அறுநூறு. கூட வந்திருந்த அப்பாவுக்குத்தான் முதலில் உறைத்தது: தினமும் காலையில் காலிச் சாக்கை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, சாக்கின் எடையைக் கழிப்பது அவர் வழக்கம். அதே தராசில் மாலையில் என்னை ஏற்றினார். எனக்கும் சாக்கைக் கழித்துவிட்டார், பாவி மனுஷன்!

எடையைக் குறைக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். சட்டைமேல் சட்டை போட்டு வெயிலில் ஓடினேன், வாயில் புளியை அடக்கி எச்சில் துப்பினேன். அப்படியும் கொஞ்சம் மிச்சம். "நான்தாம்மா கெடுத்துட்டேன்" என்று அழுதுகொண்டே அப்பா கத்தரிக்கோல் வாங்கிவந்து, இடுப்புவரை தொங்கிய என் பின்னலைக் கழுத்தோடு வெட்டினார். முள் நாற்பதில் நின்றது.

வெண்கலம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. கூடவே பட்டினியும் வந்தது. "லேசான பொண்ணு" என்று பெயர் விழுந்துவிட்டதால், எந்த வயதுப் பிரிவுக்குப் போனாலும் அடிமட்ட எடையிலேயே என்னைக் கட்டிப்போட்டார்கள். ஜூடோவில் அமுக்கிப் பிடித்தால், மெத்தையைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். பசி பிடித்தால் எங்கே தட்டுவது? முட்டி உடைந்து ஆட்டம் நின்ற பிறகுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதற்காக உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஆரணியிலேயே பயிற்சியாளர். ஆலை கல்யாண மண்டபமாகிவிட்டது. அந்தத் தராசும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வாரம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வியர்க்க விறுவிறுக்க வந்து, "அக்கா, தண்ணி குடிச்சிக்கவா?" என்றாள்.

"எவ்ளோ கிலோ கீற?" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வெட்கமாகப் போயிற்று. நானே பாட்டிலைத் திறந்து, "குடிடி, நல்லா குடி" என்று நீட்டினேன். இரண்டு மிடறு குடித்தவள் நிறுத்திவிட்டு, இது போதுமா, அதிகமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.