கோதை அக்காவின் நான்கு பக்கங்கள்

போன வாரம் பேத்தி பள்ளிக்கூட வேலைக்காக மைதாப் பசை காய்ச்சினாள். புத்தூர் வீடு முழுக்க அந்த வாசனை. பசை வாசனைக்கெல்லாம் ஒரு கிழவன் கண் கலங்குவானா என்று கேட்காதீர்கள். எனக்குக் கலங்கியது.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் திருச்சியில் குமாஸ்தா வேலை, ஸ்ரீரங்கத்தில் வாசம். நண்பன் ராகவனும் நானும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே பிரதிதான். வீடு வீடாகப் போய்த் திரும்பும். கடைசித் தாளை வாசகர் அபிப்பிராயத்துக்காகக் காலியாக விடுவோம். பெரும்பாலும் 'அட்டைப்படம் சுமார்' என்று எழுதியிருப்பார்கள். அட்டைப்படம் அடியேன் வரைந்தது.

அப்போது ஊரே படித்த பெரிய வாரப் பத்திரிகைக் கதைகளில் கணவனை இழந்த பெண் வந்தால், கடைசிப் பத்தியில் பூஜையறைக்குப் போய் அமைதி அடைந்துவிடுவாள். எல்லாருக்கும் திருப்தி. ராகவனின் அக்கா கோதைக்கு மட்டும் திருப்தியில்லை. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். அப்படியொரு கதைக்குப் பதில் சொல்வதுபோல் நான்கு பக்கம் எழுதி என்னிடம் கொடுத்தாள்.

"பேர் போட வேண்டாம். உன் கையால காப்பி பண்ணிடு. என் எழுத்து இந்தத் தெருவுக்கே தெரியும்."

தெரியாமல் என்ன? தெருப் பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

எல்லார் கட்டுரையையும் பிரதி எடுப்பது என் பொறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். மறுநாள் பத்திரிகை வெளியே போக வேண்டும். இவ்வளவு அழகான எழுத்தை என் கோழிக் கிறுக்கலால் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, அவள் தாள்களையே பசை தடவி ஒட்டிவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்த மகா புத்திசாலி நான்.

அவள் அப்பா கைக்குப் பத்திரிகை வந்தபோது, அபிப்பிராயத் தாளில் யாரோ ஒரே வரி எழுதியிருந்தார்கள்: 'இது நம் கோதையின் கையெழுத்து அல்லவோ?' அவர் சத்தம் போடவில்லை. பத்திரிகையை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தார். அந்த வாரமே அவளை லால்குடியில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார். ராகவன் அதன் பிறகு என்னோடு பேசவேயில்லை.

சில மாதம் கழித்து லால்குடிக்கு ரயிலேறிப் போனேன். வாசலில் நின்றே பேசினாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"சினிமா நன்னா இருந்துதா?" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இப்பல்லாம் நான் கடுதாசிகூட எழுதறதில்லை. போயிட்டு வா."

அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்று யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் எழுதலாம், போனில் எல்லாருக்கும் ஒரே எழுத்துதான். அந்த நான்கு பக்கத்தில் எனக்கு மிஞ்சியது இவ்வளவே: 'அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், எனக்குப் பூ வேண்டும்.'

அவள் கையெழுத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். பார்க்கத்தான் ஒரு வரிகூட இல்லை.