கம்ப்யூட்டருக்கு உடுப்பு மாற்றுகிறவர்

மாப்பிள்ளை மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, திரையில் இருக்கும் ஒரு சின்னப் படத்தை மயிரிழை இடப்பக்கம் நகர்த்துகிறார். நாற்காலியோடு பின்னால் உருண்டு போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். திரும்ப உருண்டு வந்து அதே மயிரிழையை வலப்பக்கம் நகர்த்துகிறார். பக்கத்தில் தேநீர் ஆறி ஏடு கட்டிக் கிடக்கிறது. "இன்னும் செட் ஆகல அத்தை," என்கிறார். நான் கேட்கவே இல்லை.

என் மகளின் கணவர் அவர். குடையும் மழைக்கோட்டும் செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, முன்மண்டை காலி. அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் பின்னால் தெரிகிற படத்தைக்கூட மாற்ற விடமாட்டார்களாம். பகலெல்லாம் சாம்பல் நிறத்தைப் பார்த்து நொந்துபோய் வருகிறவர், செருப்பைக் கழற்றிய கையோடு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். அதில் ஓடுவது லினக்ஸ். அது என்ன என்று ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன்.

"மத்ததெல்லாம் வாடகை வீடு அத்தை. ஒரு ஆணி அடிக்க விடமாட்டான். லினக்ஸ் நம்ம சொந்த வீடு. வேணும்னா சுவத்தையே இடிக்கலாம்."

இடிக்கலாம் என்பது நிஜம்தான். வாரம் தவறாமல் இடிக்கிறார். திடீரென்று திரை கறுத்துப்போகும், வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடும், மாப்பிள்ளை கட்டைவிரல் நகத்தைக் கடிப்பார். "ஒண்ணுமில்ல, லேசா உடைஞ்சிருக்கு," என்பார். யாரும் தொடாமல் தானாக உடைந்தது போல.

உடுப்பு மாற்றுவதற்குத் தீம் என்று பேர். அதைப் போட்டால் தலை முதல் கால் வரை எல்லாம் மாறும்: எழுத்தின் பருமன், ஓரத்துக் கோடு, அம்புக்குறியின் மூக்கு. சின்னப் படங்களை ஐகான் என்கிறார். அதற்குத் தனியாக ஒரு பெட்டி உடுப்பு இருக்கிறதாம். திங்கட்கிழமை எல்லாம் கருநீலமாக இருக்கும். புதன்கிழமை பார்த்தால் கத்தரிப்பூ நிறம். போன வாரம் அழுக்குத்துணி அலசிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம் வந்தது.

"கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு பாருங்க அத்தை."

"அலசின தண்ணிய எதுக்கு மாப்பிள்ளை தேக்கி வச்சிருக்கீங்க?" என்றேன்.

சிரித்தார். கோபமே வராது. அதுதான் அவரிடம் உள்ள நல்லதும், நம்மைக் கொல்கிறதும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் அவர்தான். அந்தத் துணியையும் நான்கு மூலை ஒட்டி மடித்துத்தான் போட்டார். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மயிரிழை பார்க்கிற அதே கண்ணுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் தெரிவதில்லை. கதவு இறங்கிப்போய், தாழ்ப்பாள் ஒரு பக்கமும் துளை ஒரு பக்கமுமாக நிற்கிறது. உள்ளே போகிறவர் பாதத்தால் கதவைத் தூக்கிக்கொண்டு கையால் தாழ் போட வேண்டும். சொன்னால், "லேசா தூக்கி மூடுங்க அத்தை, வரும்," என்று வழி சொல்லித் தருகிறார்.

மணி பார்க்கத் திரையிலேயே மூன்று கடிகாரம் வைத்திருக்கிறார். ஒன்றில் எண் கிடையாது, ஒன்றில் முள் கிடையாது, ஒன்று வெறும் வளையம். "மணி என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறார்.

விடுமுறை நாளில் அலுவலகச் சிநேகிதர் ஒருவர் வருவார், தடித்த கண்ணாடி போட்டவர். அவருக்கும் இதே வியாதி. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் யாருக்கோ ஆபரேஷன் நடக்கிறது என்று நினைப்பீர்கள்.

"மூலைய இன்னும் கொஞ்சம் உருட்டலாமா?"

"வேணாம்டா. சோப்பு மாதிரி ஆயிடும்."

"இப்ப பிஸ்கட் மாதிரி இருக்கே?"

"பிஸ்கட் ஓகே. சோப்புதான் ஆகாது."

இதற்கு ஒரு பிற்பகல் போயிற்று. இவரை மகளுக்குப் பார்த்தபோது நாங்கள் இதில் பாதியாவது யோசித்திருக்கலாம்.

எல்லாம் கூடிவந்ததும் திரையைப் படம் பிடித்து, முகம் தெரியாத நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அனுப்புகிறார். அனுப்புமுன் திறந்திருக்கிற வேலையையெல்லாம் மூடிவிட வேண்டுமாம். கணக்கும் இருக்கக் கூடாது, கடிதமும் இருக்கக் கூடாது. ஒரு வேலையும் நடக்காத கம்ப்யூட்டர்தான் அழகான கம்ப்யூட்டர். கடல் தாண்டி எவரோ ஒருவர் "இது என்ன ஐகான்?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அதே பேச்சு.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர். என் மகள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு இதில்தான் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு எடுக்கிறாள். நேற்று இருந்த இடத்தில் இன்று எதுவும் இல்லாமல், பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு அவள் தேடுவாள். அலுத்துப்போய் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்து, மூன்று பிள்ளைகள்தான் மிச்சம்.

அப்போதுதான் ஒரு பெரிய குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது. அங்குள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே டீச்சர் வேண்டும். பெற்றவர்கள் கூடி உட்கார்ந்து இவள் பாடத்தைக் கொஞ்சம் பார்ப்பார்கள், அடுத்து இன்னொரு டீச்சரைப் பார்ப்பார்கள், அன்றைக்கே முடிவு சொல்வார்கள். இது கிடைத்தால் அவள் மறுபடி டீச்சர். கிடைக்காவிட்டால், உறவுக்காரரின் துணிக்கடையில் கல்லாவுக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நாளே கணவரிடம் சொன்னாள்: "உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேங்க. நாளைக்கு ஒரு நாள் அதுல கை வைக்காதீங்க."

"சேச்சே, நான் ஏன் வைக்கப்போறேன்?" என்றார்.

மறுநாள் அவள் குளித்து, புடவை மாற்றி, பாடத்துக்கு உட்கார்ந்தால், திரையின் அடியில் வரிசையாக வெள்ளை வட்டங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். உள்ளே நூல் பிரிந்த மாதிரி ஏதோ கோடு. கீழே பேர் இல்லை.

"பேரெல்லாம் எங்கங்க?"

"எடுத்துட்டேன். பாக்கவே கசகசன்னு இருந்துச்சு. உனக்காகத்தான் பண்ணேன். பெத்தவங்க எல்லாம் உன் ஸ்கிரீனப் பாக்கப்போறாங்க, பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

எனக்கு எழுத்து தெரியாது. நிறத்தையும் உருவத்தையும் பார்த்துத்தான் இன்னது இன்னதென்று அடையாளம் வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. படித்தவளையும் ஒரே ராத்திரியில் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடமே கேட்டு வகுப்பைத் திறந்தாள். திறந்தபின் அவளை யாரும் பிடிக்க முடியாது. பின்னம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ரொட்டியைப் பங்கு போடுவதில் ஆரம்பித்து, சண்டை போடுகிற அண்ணன் தம்பி வரை கொண்டுபோனாள். அந்தப் பக்கம் பெற்றவர்களே சிரித்தார்கள். "எங்களுக்கு இப்படி யாரும் சொல்லித்தரலையே!" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. கதவருகில் நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"இப்ப இதை வரைஞ்சு பாக்கலாமா?" என்று சொல்லி, வரைகிற பலகையைத் திறக்க ஒரு வட்டத்தைத் தொட்டாள். திரை அணைந்தது.

அணைக்கிற வட்டம் பலகை வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இரட்டைப்பிள்ளை மாதிரி.

"நிஜமா அணைக்கவான்னு கேக்குமே? எப்பவும் கேக்குமேங்க!"

மாப்பிள்ளை காதைச் சொறிந்தார். "அந்தக் கேள்வி வர்ற பெட்டிக்கு மட்டும் மூலை கூரா இருந்துச்சு. மத்ததோட ஒத்து வரல. அதான் எடுத்துட்டேன்."

அவள் கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். திரை கன்னங்கரேல் என்று ஆகி, நடுவில் நகக்கீற்றளவு ஒரு பிறை தோன்றியது. அது மெல்ல, மிக மெல்ல வளர ஆரம்பித்தது.

"என்னங்க இது? முன்ன டக்குனு வருமே?"

"இப்பவும் கம்ப்யூட்டர் டக்குனு வந்துரும். நிலா முழுசா தெரியறதுக்குள்ள போயிடுதேன்னு நான்தான் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கேன்."

"தள்ளி விடுங்க. சீக்கிரம்."

"நடுவுல தள்ள முடியாதும்மா. நிலா முழுசானாதான் உள்ள விடும்."

கைபேசி அடித்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைமேல் வைத்தபடியே ஸ்பீக்கரில் பேசினாள். ஒரு பெண்குரல்: "டீச்சர், காணாம போயிட்டீங்களே?"

"ஒரே நிமிஷம் மேடம். வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

பிறை பாதி ஆகியிருந்தது. அந்தப் பக்கம் கசமுசவென்று பேச்சுக் கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"இல்ல டீச்சர், அடுத்த டீச்சர் லைன்ல வந்துட்டாங்க. எல்லாரும் அங்க போயிட்டாங்க. உங்களுக்கு நாங்க சொல்லி அனுப்பறோம், சரியா?"

"சரிங்க மேடம்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். அங்கே நிலா முக்கால்வாசி வளர்ந்திருந்தது. மாப்பிள்ளை அவள் பின்னாலிருந்து எழுந்தார். பாவம், தோளில் கை வைக்கப் போகிறார் என்று நினைத்து நான் கதவருகிலிருந்து நகர்ந்துகொண்டேன். அவர் அவளைத் தாண்டி நேரே ஜன்னலுக்குப் போய், நிலாவின் கீழ்ப்பாதியில் வெயில் விழாதபடி ஜன்னல் துணியை இழுத்துவிட்டார்.