பெருமாள் அண்ணன் கேசட்டும் மோட்டார் சத்தமும்

1. குப்பை பொறுக்கும் மெஷின்

எண்பதுகளின் கடைசியில் தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நான் கம்ப்யூட்டர் லேப் இன்ஸ்ட்ரக்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, அந்த ஏசிக்காகவே அடிக்கடி வந்து உட்காரும் பிரின்சிபால். லேப் என்பது இவ்வளவுதான். மாணவர்கள் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தார்கள். நான் மட்டும் லிஸ்ப் என்ற இன்னொரு மொழியைக் கட்டிக்கொண்டு அழுதேன். மதுரையில் படித்தபோது ஒட்டிய பைத்தியம் அது.

லிஸ்ப்பில் நான் எழுதியதெல்லாம் சத்தத்தைச் சுத்தம் செய்யும் புரோகிராம்கள். நானே சால்டர் வைத்து ஒட்டிய ஒரு கார்டு வழியாக டேப் ரிகார்டரின் சத்தம் எண்களாக உள்ளே வரும், நொடிக்கு எட்டாயிரம் எண். அந்த எண்களின் லிஸ்டை ஒரு ஃபங்ஷனிடம், அதாவது ஒரே ஒரு வேலை செய்யும் சின்னப் புரோகிராமிடம், கொடுத்தால், பழையதைத் தொடாமல் புதிதாக ஒரு லிஸ்டைத் திருப்பித் தரும். அதை அடுத்த ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். ஒன்று இரைச்சலை எடுக்கும், இன்னொன்று குரலைத் தூக்கும். இப்படிக் கோத்துக்கொண்டே போவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மெமரி நிறைந்தால் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

"என்னம்மா, படுத்திருச்சா?" என்பார் பிரின்சிபால்.

"இல்ல சார், குப்பை பொறுக்குது. வேண்டாத பழைய லிஸ்டையெல்லாம் எடுத்துட்டு இடம் பண்ணுது."

"பழசு மேலயே புதுச எழுதிட்டா குப்பையே வராதுல்ல?"

"வராது சார். தப்பா எழுதிட்டா பழசும் வராது."

இந்தப் பதிலை நினைத்து நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

2. இரண்டு நிமிடப் பாட்டு

கேசட்டில் இரைச்சலை எடுக்கிற டீச்சர் என்று எங்கள் பியூன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்டு காமயகவுண்டன்பட்டியிலிருந்து காமாட்சி அக்காவும் அவர் கணவர் பெருமாள் அண்ணனும் வந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள். அண்ணன் ஊர் பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் குரல் அடியோடு போய்விட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது விளையாட்டாகப் பாடிப் பதிந்த ஒரே ஒரு பாட்டுதான் மிச்சம்.

"பம்புசெட் ரூம்ல வச்சுப் பாடிட்டாக டீச்சர். மோட்டார் எரைச்சல் காத அடைக்குது. அத எடுத்துட்டு அவுக பாட்ட மட்டும் குடுங்க. பேரப்பிள்ளைக கேக்கணும்" என்றார் அக்கா.

அண்ணன் கையை அசைத்து ஏதோ காட்டினார். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. "சரிண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று கேசட்டை வாங்கிவிட்டேன்.

எண்களாக மாற்றிய பாட்டு மூன்று ஃபிளாப்பியில் அடங்கியது. மோட்டார் சத்தம் ஒரே சீரானது, அதன் சுருதியும் மாறாது. அந்தச் சுருதியையும் அதன் மடங்குகளையும் மட்டும் அறுத்தெடுக்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஒரு வாரம் ஓடியது. மோட்டார் போன இடம் தெரியவில்லை. வேறு கேசட் கையில் இல்லாததால், சுத்தம் செய்த பாட்டை அவர்கள் கேசட்டிலேயே பழையதன் மேல் பதிந்தேன். அந்த இரைச்சல் இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

3. பலகையில் ஒரு சொல்

இருவரும் வந்ததும் போட்டுக் காட்டினேன். வார்த்தைகள் தெளிவாக வந்தன. ஆனால் அண்ணன் நீட்டி நிற்கும் இடமெல்லாம் குரல் தேய்ந்து காணாமல் போயிற்று. பெருமாள் அண்ணன் தலையை ஆட்டினார். எழுந்து போய்ச் சாக்பீஸ் எடுத்து, பலகையில் 'மோட்டார்' என்று எழுதினார். பிறகு ஓடிக்கொண்டிருந்த ஏசியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி, சத்தமில்லாமல் வாயசைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோட்டார்தான் அவருடைய சுருதிப்பெட்டி. அதோடு சேர்ந்தேதான் அவர் ஒவ்வொரு இடத்திலும் நின்றிருக்கிறார். மோட்டாரை அறுத்தபோது அவர் குரலையும் சேர்த்து அறுத்துவிட்டேன்.

"இதத்தான் அன்னைக்கே கையக் கையக் காட்டுனாக. நாந்தேன் கவனிக்கல" என்றார் அக்கா. "பழசையே குடுத்துருங்க டீச்சர்."

பழசு கேசட்டில் இல்லை. மூன்று ஃபிளாப்பிகள் நினைவுக்கு வந்தன. திரும்பிப் பார்த்தால், பக்கத்து மெஷினில் பிரின்சிபால் மறுநாள் பிராக்டிகலுக்காகப் பழைய ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஃபார்மட் செய்து அழித்துக்கொண்டிருந்தார்.

"சார், நிறுத்துங்க."

அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை என்னிடம் கேட்டதில்லை. என்னுடைய மூன்றும் அடுக்கின் அடியில் இருந்தன. என் ஃபங்ஷன்கள் தொடாத பழைய எண்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் திரும்பக் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். முதலில் இருந்த தெளிவு இல்லை. எட்டாயிரம் எண்ணுக்குள் அடங்கியதுதான் திரும்பி வந்தது. அந்தக் குறை என்னுடையது, இன்றும் அது உறுத்துகிறது.

மோட்டார் உறுமத் தொடங்கியதும் பெருமாள் அண்ணன் தொடையில் தாளம் போட்டார். குரல் நீண்டு நின்ற இடத்தில் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சுத்தம் செய்யும்முன் எது அழுக்கு என்று அதற்கு உரியவரிடம் கேளுங்கள். அவரால் பேச முடியாவிட்டால், சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். மூலத்தின் மேல் எழுதாதே என்பதை என் புரோகிராம் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. நான்தான் கடைப்பிடிக்கவில்லை.

அந்த வருஷம் முடியும்வரை பலகையில் அந்த ஒரு சொல்லை நான் அழிக்கவில்லை. பிரின்சிபால் ஒருநாள் டஸ்டரோடு போனார்.

"பழசு சார், இருக்கட்டும்" என்றேன்.