சிரித்துவிட்ட மச்சான்

பாகூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் வருவார். அவர் கேட்பதைத் தமிழிலும் நோயாளி சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வது என் வேலை. என் பிரெஞ்சு சைகோனில் ஒரு துரை வீட்டுச் சமையலறையில் கற்றது. வெங்காயம் வாடிவிட்டது, சட்டி சுடுகிறது என்பதெல்லாம் சுத்தமாக வரும். வயிற்றுவலி வரைக்கும் அதை வைத்துச் சமாளித்துவிடுவேன். மனக்கஷ்டம் என்று யாராவது வந்தால்தான் எனக்கு வியர்க்கும்.

ஒரு பெண் வருவாள். புருஷனோடு சண்டை வரும்போதெல்லாம் "நான் செத்துப்போறேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறவள். கூட்டிவரும் மாமியாரே, "இது எப்பவும் ஆடுற ஆட்டந்தான் சாமி" என்று சிரிப்பாள். டாக்டர் சிரிக்க மாட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் நேராகவே கேட்கச் சொல்வார்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, இன்றைக்கா, எப்படி என்று முடிவு செய்துவிட்டாளா.

முதல் தடவை எனக்கு நாக்கு புரளவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது அவரைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். டாக்டரிடம் சொன்னேன். "கேட்டு எவரும் செத்ததில்லை, நீ கேள்" என்றார். கேட்டேன். அவள் கத்தவே இல்லை. மெதுவாக, நெடுநேரம் பேசினாள். என் பிரெஞ்சு தீர்ந்துபோய், கடைசியில் கையால்தான் காட்டினேன்.

அந்த வருஷம் என் மனைவியின் அண்ணன் படுத்துவிட்டார். கரியமாணிக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். மார்கழியில் அவர் மனைவி இறந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. விடியுமுன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடப்பார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எனக்கு இன்னா நோவு மாப்ள? காய்ச்சலா, கட்டியா?" என்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தமிழும் போதவில்லை.

அவரைச் சிரிக்கவைக்கும் பொறுப்பை உறவுக்காரர்கள் என் தலையில் கட்டினார்கள். நான்தானே கோமாளி! என்னிடம் இருப்பது சைகோன் பூனைக் கதை ஒன்றுதான். துரையின் கழுத்துப்பட்டையைக் கைத்துணி என்று நினைத்து அதில் மீனைத் துடைத்துவிட்டேன். அதைக் கட்டிக்கொண்டு அவர் விருந்துக்குப் போக, தெருப் பூனைகளெல்லாம் பின்னால் ஊர்வலம் போயின. என் கல்யாணத்திலிருந்து மச்சான் அதற்குச் சிரித்ததே கிடையாது. நன்றாக இருந்த காலத்திலேயே, "அந்தப் பூனைங்களுக்கு இன்னுமா வயசாவல?" என்றுதான் கேட்பார்.

ஆடியில் என் மனைவி அவரை வீராம்பட்டினம் அம்மன் தேருக்கு அழைத்துப்போய் வேண்டிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அவரே வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மழித்த முகம், வெளுத்த வேட்டி. வண்டியில் வைக்கோல் பிரி சுற்றிய விதைநெல் கோட்டைகள். "குத்திப் பொங்கித் தின்னுங்க" என்று எல்லாவற்றையும் இறக்கிவைத்தார்.

என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா, அம்மன் கண்ணத் தொறந்துட்டா! எங்கண்ணன் தெளிஞ்சிட்டாரு!"

அந்தச் சந்தோஷத்தில் நான் பூனைக் கதையை எடுத்துவிட்டேன். மச்சான் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்து, என் தோளைத் தட்டி, "நல்ல கதை மாப்ள" என்றார்.

என் கதையின் லட்சணம் எனக்குத் தெரியும். நாற்று விடுகிற சமயத்தில் விதைநெல்லைத் தின்னக் கொடுக்கிற குடியானவரையும் நான் பார்த்ததில்லை.

அவர் வண்டியில் ஏறப்போனார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான், சாகணும்னு நெனக்கிறீங்களா?"

"அடப்பாவி!" என்றாள் என் மனைவி. மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "வெள்ளிக்கெழம அதுவுமா இன்னா வார்த்த பேசற? வாயக் கழுவு மொதல்ல!"

மச்சான் கோபப்படவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். "சாப்ட்டியா, தூங்கினியான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இத யாரும் கேக்கல மாப்ள."

"இன்னிக்கா?"

"நாளைக்குன்னு இருந்தேன்."

என் மனைவி அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். நான் மாட்டை அவிழ்த்துக் கட்டினேன்.

அவரை எங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, செவ்வாய்க்கிழமை வரை மாறி மாறி அவர் பக்கத்திலேயே இருந்தோம். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு மறுக்காமல் வந்தார். முடிவெடுத்துவிட்ட நிம்மதி சிலருக்குக் குணமானது போலவே தெரியும் என்றார் டாக்டர். தூங்க மருந்து கொடுத்தார். தனியே விடாதே, தினமும் கேள் என்றார்.

தினமும் கேட்டேன். "இன்னிக்கு எப்படி மச்சான்?" சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகவில்லை.

ஆவணியில் ஒரு காலை, மூலையில் கிடந்த கோட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நாள் தள்ளிப்போவுது. இத ஊறவெக்கணும்" என்றார்.

"யாருக்கு?"

"உன் கீரப் பாத்திக்கா? என் நெலத்துக்குத்தான்."

வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். கரியமாணிக்கத்துக் குட்டையில் கோட்டைகளை இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

பூனைக் கதையை ஆரம்பித்தேன். துரை கழுத்துப்பட்டையைக் கட்டுவதற்குள், "த்தூ, நிறுத்து மாப்ள" என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் அவரை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை.