வெளியே போக முடியாதவர்களின் கடை

காசு போட்டால் சாமான் தள்ளும் மெஷினின் வரிசைகளை நிரப்பி முடித்ததும் சின்னவள் அதன் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டுவாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் வந்து, வழி தெரியாமல் வந்த யாரோ போல மெஷினுக்கு எதிரே நிற்பாள். சொந்தக் காசைப் போட்டு எண்ணை அழுத்துவாள். சுருள் கம்பி முனகிக்கொண்டே சுற்றும். பல் பிரஷ் தொட்டியில் விழுந்தால் ஒரு தலையாட்டல். நடுவில் தொங்கிக்கொண்டு நின்றால், "இவன் இன்னிக்கு அடம் பிடிக்கிறான்" என்று மறுபடியும் பூட்டைத் திறப்பாள். இருபத்து நான்கு வரிசைக்கும் இதே பரீட்சைதான்.

கையால் தள்ளிப் பார்த்தால் போதாதா என்று அவளுடைய அக்கா ஒருமுறை கேட்டாள். "வாங்குறவங்க கை உள்ள வராதேக்கா. வெளிய நின்னுதான் பாக்கணும்" என்றாள்.

காலை ஆறு முதல் இரண்டு வரை அவளுக்கு மருத்துவமனையின் அடித்தளத்தில் சலவைப் பிரிவில் வேலை. அவள் மடித்த விரிப்புகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கினாலும் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நிற்கும். இரண்டு மணிக்கு மேல் மெஷின். மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து பழைய சாமான் விலைக்கு வாங்கி, அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, முதல் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே உள்ள காத்திருப்பு அறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடுகிறது. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கும் வீட்டிலிருந்து இரண்டு அறை உள்ள வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படி ஒரு வீட்டையும் பார்த்து, வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மெஷினில் வறுவல் பொட்டலம் கிடையாது. பிரஷ், சிறிய சோப்பு, சீப்பு, கைத்துண்டு, பெண்களுக்கான நாப்கின், ரப்பர் செருப்பு, போன் சார்ஜர், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு குட்டி நோட்டு, பேனா. போட்டது போட்டபடி ஓடி வந்தவர்கள் வீட்டில் மறந்துவிட்டு வரும் சாமான்கள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் வேறு யாருடைய செருப்புமாக ஒரு மனிதர் குழாயடியில் விரலால் பல் தேய்ப்பதைப் பார்த்தாள். கடை சாலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றாளாம். "போன நேரத்துல பேரைக் கூப்பிட்டுட்டா?" என்று கேட்டாராம் அவர். அன்று மாலையே மெஷின் விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

பிரஷ் எடை போதாமல் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அதற்காகப் பழைய அட்டைப் பெட்டிகளை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுவாள். விலைச் சீட்டில் எழுத்து கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அழுத கண்ணுக்கும் தெரிய வேண்டுமாம். மெஷினை ஓங்கி அடிப்பவர்களைக் கண்டால் மட்டும் பொறுக்காது. "அது என்ன உங்ககிட்ட கடன் வாங்கிட்டு ஓடினவனா, நாலு பேர் முன்னாடி அடிச்சுக் கேக்குறதுக்கு?" என்பாள். காலையிலிருந்து வாய் திறக்காதவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

விலை, சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் என்னவோ அதேதான். ஒரு காசு கூடாது.

ஒரு வருடம் முன்பு அனுமதி கேட்டபோது நிர்வாக மேலாளர் சிரித்தார். சோப்பு சீப்புக்கு ஒரு மெஷினா, ஆசைக்கு வைத்துப் பார் என்றார். மெஷின் தினமும் காலியாவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போன திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவும் கூடப் போனாள். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகள் என்னவோ மூன்று இருந்தன.

எல்லாவற்றுக்கும் மூன்று மடங்கு விலை வைக்க வேண்டும். கூடுதலில் பாதி அவளுக்கு, பாதி மருத்துவமனைக்கு. முடியாதென்றால் குளிர்பானக் கம்பெனி அந்த இடத்துக்குத் தயாராக இருக்கிறது. இவ்வளவையும் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு நிமிர்ந்து, புத்திமதி சொல்கிறவரைப் போல, "வெளிய போக முடியாதவங்கம்மா இவங்க. என்ன விலை வெச்சாலும் வாங்கித்தான் ஆகணும்" என்றார்.

"அதனாலதான் சார் இந்த விலைக்கு வெச்சிருக்கேன்" என்றாள் சின்னவள்.

"அப்ப சனிக்கிழமைக்குள்ள எடுத்துடு."

அக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. படுத்திருப்பவன் பிழைப்பானா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் பல் தேய்க்க மூன்று மடங்கா? வாயைத் திறக்கப் போனவளின் மணிக்கட்டைச் சின்னவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கியபிறகு அக்கா கொட்டித் தீர்த்தாள். "ஆஸ்பத்திரியா இது? எலிப்பொறி. நீ ஏன்டி என்னைப் பேச விடல?"

"கத்தினா உன் ரத்தக் கொதிப்புதான் ஏறும். அவருக்கு ஏசி இருக்கு" என்றாள் சின்னவள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, புது வீட்டுக்காரம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். "வேற யாருக்காவது குடுக்கட்டும். நாலு பேரும் ஒரே ரூம்ல படுத்தா குளிராவது தெரியாது." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மடங்குக்குச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு அறையும் அவளுடையது.

சனிக்கிழமை மெஷினை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. மிச்சச் சரக்கு சலவை அறை அலமாரிக்குப் போயிற்று. குளிர்பான மெஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நடையில் காத்து நின்றது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

சின்னவள் நேராக அந்தப் புது மெஷினிடம் போய், தரையிலிருந்து உச்சி வரை சாண் வைத்து அளந்தாள். திரும்பி வந்து, காலியான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, "புடிச்சுக்கோக்கா" என்று ஏறினாள். விரிப்புகளுக்குக் குறி போடும் பேனாவை எடுத்தாள். எத்தனை தடவை கொதிநீரில் போட்டாலும் போகாத மை அது. புது மெஷின் மறைக்காத உயரத்தில், சுவரில் கட்டைவிரல் அளவு எழுத்தில் எழுதினாள்: 'பிரஷ், சோப்பு, துண்டு, சார்ஜர், கடை விலைக்கே. கூப்பிட்டால் மேலே கொண்டுவந்து தரப்படும்.' அதன் கீழே அவளுடைய போன் நம்பர்.

"ஏய், என்னம்மா பண்ற?" என்று மேலாளர் கிட்டே வந்தார். அக்கா பெட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். சின்னவள் திரும்பவில்லை. கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று, அதன்மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.