வகிடு மாறின பாடகி

எங்க அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, தெருவுல வச்ச பேரு "அசையாதே". முப்பது வருஷமா தன் போட்டோ ஸ்டூடியோ ஸ்டூல்ல உட்காருறவங்ககிட்ட அவர் பேசற ஒரே வார்த்தை அதுதான். கைக்குழந்தையானாலும் சரி, கல்யாண ஜோடியானாலும் சரி, முதல்ல ஒரு அதட்டு, அப்புறம் மோவாயைப் பிடிச்சு ஒரு திருப்பு. படத்துல எல்லாரும் பல்வலிக்காரங்க மாதிரிதான் இருப்பாங்க. கேட்டா, பாஸ்போர்ட் படத்துல கலைக்கு எங்கே இடம்னுவார். நெனைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

இருட்டறை என் பொறுப்பு. பிலிம் கழுவறது, பிரின்ட் போடறது, காய வைக்கிறது, ஓரம் வெட்டறது எல்லாம் நான். அவரோ யார்கிட்டயும், "என் மச்சினி, மருந்துத் தட்டு கழுவ ஒத்தாசையா இருக்கா"ம்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அக்கா முகத்துக்காக முழுங்கிக்குவேன்.

அப்பதான் அந்த ஜாஸ் பாடகி வந்தாங்க. பியானோ வாசிச்சுக்கிட்டே பாடறவங்க, ரேடியோவைத் திருகினா அவங்க குரல்தான். புது ரெக்கார்டு அட்டைக்கு ஒரு படம் வேணும், பெரிய ஸ்டூடியோக்காரங்க எடுத்தது ஒண்ணும் பிடிக்கலை. ஒத்திகைக் கூடம் எங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்ததால இவரைக் கூப்பிட்டாங்க, அவ்வளவுதான். அத்தான் ஊர் முழுக்கத் தமுக்கடிச்சுட்டு, கடை போர்டுல "நட்சத்திரங்களின் நிழற்படக்காரர்"னு எழுதியும் போட்டுட்டார். படம் இன்னும் எடுக்கவே இல்லை.

லைட் பிடிக்க நானும் போனேன். ரெண்டு மணி நேரம் அந்தம்மாவை மரக்கட்டையா உட்கார வச்சார். அவர் பிலிம் மாத்தக் குனிஞ்சப்போ, அவங்க பொறுக்க மாட்டாம தனக்குத்தானே ஏதோ வாசிச்சுச் சிரிச்சாங்க. நிமிர்ந்தவர் அதட்ட வாயைத் திறக்கிறதுக்குள்ள விரல் பட்டனை அழுத்திடுச்சு. அந்த ஒண்ணுதான் தேறினது.

அந்த நெகட்டிவை என்கிட்ட தரலை. இது கலை, நானே போடறேன்னு கதவைச் சாத்திக்கிட்டார். பத்து வருஷமா இருட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன் பிலிமை முன்பக்கம் பின்பக்கம் மாத்தி வச்சுட்டார். பிரின்ட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பாடகிக்கு இடப்பக்க வகிடு, படத்துல வலப்பக்கம் போயிருந்தது. பியானோ மூடியும் எதிர்ப்பக்கம் திறந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். தட்டெல்லாம் கழுவியாச்சான்னு கேட்டார். எக்கேடோ கெட்டுப் போங்கன்னு கழுவப் போயிட்டேன்.

பாடகி கடைக்கு வந்து படத்தைப் பார்த்தாங்க. கிட்ட வச்சுப் பார்த்தாங்க, தள்ளி வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணு கலங்கிப்போய், "இத்தனை வருஷத்துல இதுலதான் நான் என்னை மாதிரி இருக்கேன்"னாங்க. இருக்காதா பின்ன? தினமும் கண்ணாடியில இடம் வலம் மாறிப் பார்க்கிற முகம் அதுதானே. அத்தான் கையைக் கட்டிக்கிட்டு அடக்கமா நின்னார். அந்த அடக்கத்தைப் பார்க்கச் சகிக்கலை.

அவங்க கூட வந்த டிரம்காரர்தான் சிரிச்சுட்டார். பியானோ மூடி இந்தப் பக்கமா திறக்கும்னு கேட்டார். பாடகியோ, இருந்துட்டுப் போகட்டும், எனக்கு இதுதான் வேணும்னாங்க. வேற ஒருத்தனா இருந்தா கும்பிட்டுக் கொடுத்திருப்பான். இவர் அவங்க கையிலேர்ந்து வெடுக்குன்னு பிடுங்கி நாலாக் கிழிச்சார். என் கடையிலேர்ந்து தப்பான படம் வெளிய போகாது, மச்சினி மாத்தி வச்சுட்டான்னார். கூசாம என் தலையில கட்டினார். நான் கல்லாவுல உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தேன், அவ தரையைப் பார்த்தா.

மறுநாள் "சரியான" பிரின்ட்டை நீட்டினார். பாடகி பார்த்துட்டு, வாய் கோணியிருக்கே, இது நான் இல்லைன்னாங்க. பழையபடியே ஒண்ணு போட்டுத் தாங்கன்னு கெஞ்சினாங்க. பிலிமைத் திருப்பி வச்சா முடிஞ்சது. தெரிஞ்சே தப்பு பண்ற ஆள் நான் இல்லைன்னு விடுவிடுன்னு மாடிக்குப் போயிட்டார். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

அக்கா என் பக்கத்துல வந்து, "இந்த அட்டைப்படம் கை நழுவினா போர்டைப் பார்த்து ஊரே சிரிக்கும்டி. அந்தக் கோவத்தை எல்லாம் வீட்டுல நான்தான் வாங்கணும்"னா.

அவர் மானம் கப்பலேறினா எனக்கென்ன. அக்கா சொன்னதுதான் சுருக்குன்னு தைச்சது. பாடகியை உட்காரச் சொல்லிட்டு, உள்ள போய் நெகட்டிவைத் திருப்பி வச்சு ஒரு பிரின்ட் போட்டு, நல்லாக் காய வச்சு, பின்னாடி கடை முத்திரையும் குத்திக் கவர்ல கொடுத்தேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

மூணு மாசத்துல ரெக்கார்டு வந்தது. அட்டையில அதே படம், மூலையில பொடி எழுத்துல அத்தான் பேரு. மாட்டினோம்னு அக்கா என் பின்னாடி ஒதுங்கினா. அவர் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துல பிடிச்சார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். வகிட்டைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், ஒரு இஞ்ச் விடாம பார்த்தார்.

"நீ மாத்தி வச்சுக் கெடுத்ததை நான் எப்படித் திருத்தியிருக்கேன் பாரு"ன்னு என்கிட்ட நீட்டினார். "இப்பதான் சரியா இருக்கு."

முப்பது வருஷம் ஜனங்க முகத்தைப் பார்த்தே சோறு தின்ன மனுஷனுக்கு வகிடு எந்தப் பக்கம்னு தெரியலை. எனக்குச் சிரிப்புக்கூட வரலை. அக்கா அட்டையைப் பார்த்தா, அவரைப் பார்த்தா.

"இவருக்காடி இத்தனை வருஷம் பயந்தேன்?"னு என்கிட்ட கேட்டா. அவர் காதுல விழற மாதிரியேதான் கேட்டா.