சுல்தானா ஏன் சினை பிடிக்கவில்லை?

தோள்பட்டை வரை கையை விட்டு நாம் கண்டுபிடித்துச் சொல்வதைவிட, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவர் சொல்வதுதான் எடுபடும் என்பது, கால்நடை மருத்துவம் பார்க்கும் உங்களுக்கும் தெரிந்த துயரம்தான்.

மாமியார் வீட்டு உபசாரம்

காரைக்குடியில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்புகிறவர் காதர் பாய். அவருடைய சுல்தானாவை மூன்று வருடமாக ஆண்குதிரையோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை. இந்த வருடமும் நிற்காவிட்டால் விற்றுவிடுவேன் என்றார். அவள் என் தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டு நிற்பவள், விற்க விட எனக்கு மனமில்லை.

சேர்த்த மறுநாள் ஸ்கேன் செய்தேன். கர்ப்பப்பையில் கறுப்பாக நீர் தேங்கியிருந்தது. விந்தும் உடம்புக்கு அந்நியம்தான், அதை விரட்ட ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திரண்டு வரும், எல்லாக் குதிரைக்கும் கர்ப்பப்பை வீங்கி நீர் கோக்கும் என்று விளக்கினேன். ஓரிரு நாளில் அந்தக் கழிவு நீர் வடிந்துவிட்டால் சரி. வடியாமல் தேங்கினால், ஐந்தாறு நாள் கழித்துக் கருக்குழாயிலிருந்து அங்கே வந்து சேரும் கரு பிழைக்காது. பாய் தாடியைத் தடவியபடி யோசித்தார்.

"அப்ப மாப்பிள்ளைய வரவழைச்சு அடிச்சு வெரட்டுற மாமியா வீடுன்னு சொல்லுங்க டாக்டரம்மா."

கேட்காத கேள்வி

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி பருவத்துக்கு வந்தபோது, சேர்த்த சில மணி நேரத்தில் கர்ப்பப்பையைக் கழுவி, சுருங்குவதற்கு ஊசியும் போட்டேன். மறுநாள் பார்த்தால் மறுபடி நீர்! பரிசோதனையில் கிருமியும் இல்லை. மண்டை காய்ந்தது. அன்று மாலையே சொல்லாமல் கொள்ளாமல் அவர் கொட்டடிக்குப் போனேன்.

சுல்தானாவின் பின்னங்கால்களுக்குக் கீழே மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தது. அசையமுடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருந்தார். விந்து வெளியே வழிந்துவிடாமல் இருக்க மூன்று நாள் இப்படித்தான் நிறுத்துவாராம், அவர் வாப்பா காலத்து வழக்கமாம். விந்து தங்கியதோ இல்லையோ, கழிவு நன்றாகத் தங்கியது. எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயேதான். அவர் மனைவி ஆயிஷா டீயை நீட்டியபடி கேட்டார்:

"அது வயித்துக்குள்ளல்லாம் பாத்தீக, இங்குட்டு ஒரு எட்டு வந்து பாக்கலையே?"

குன்றக்குடி ரோட்டு நடை

அடுத்த முறையும் அதே கழுவல், அதே ஊசி. ஆனால் மண்மேட்டை வெட்டி எடுக்கச் சொன்னேன். காலையும் மாலையும் பாய் அவளைக் குன்றக்குடி ரோட்டில் நடத்திப் போனார். பத்தடிக்கு ஒருமுறை நின்று, ஏதாவது சிந்துகிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தார். மறுநாள் ஸ்கேனில் சொட்டு நீர் இல்லை.

பதினாறாம் நாள் ஸ்கேன் திரையில் சின்னதாக ஒரு வட்டம், கரு! நான் கத்திய கத்தலில் சுல்தானாவே மிரண்டாள். பாய் வெகுநேரம் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இத வித்துருந்தா, வாங்குனவன் வெவரம் தெரியாம நடக்கவிட்டுருப்பான் டாக்டரம்மா, அவன் வீட்டுலல்ல குட்டி போட்டிருக்கும்!"

இப்போதெல்லாம் கையுறை மாட்டுவதற்கு முன்பே குதிரையை எங்கே, எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். அத்தனை வருடப் படிப்பில் இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் மார்க் போட்டதில்லை.